பஞ்சாங்கத்துக்குள் இருந்த அட்டை: சிறுநீர்த் திறப்பு ஒன்றைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் ஐயாவுக்கு 67 வயது. வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கிய கமக்காரர். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்காக 14 மாதங்களுக்கு முன்பு கொழும்பில் அவருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. சிறுநீர்ப்பையை முழுவதுமாக அகற்றிவிட்டு, வலது அடிவயிற்றில் சிறுநீர் வெளியேறத் திறப்பு ஒன்றை அமைத்திருந்தார்கள். நான் யாழ்ப்பாணத்தில் தாதியாக வேலை செய்கிறேன். ஆனி மாதத் தொடக்கத்தில் அவருடைய மனைவி என்னைத் தேடி வந்தார். "பிள்ளை, பை ஒட்டவே மாட்டேன் என்கிறது. இவரும் இப்போது ஒருவரோடும் கதைப்பதில்லை" என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

ஐயாவின் ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன். வயிற்றில் பையோடு வாழ்பவர்கள் எங்கள் ஊர்களில் அதைப் பற்றி வெளியே பேசுவதில்லை. ஒருவர் பட்ட பாடு இன்னொருவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. எழுதத் துணிந்தது அதனால்தான்.

நோய் வந்த வழி

ஐயா 40 வருடங்களாகச் சுருட்டுப் பிடித்தவர். ஒருநாள் சிறுநீர் தேநீர்ச் சாயம் போலச் சிவந்து போயிருக்கிறது. வலி இல்லை, எரிவு இல்லை. வெயிலில் நின்ற சூடு என்று நினைத்து இளநீர் குடித்தார். அடுத்த நாள் சிறுநீர் தெளிந்துவிட்டது. மூன்று கிழமை கழித்து மறுபடியும் சிவந்தது, மறுபடியும் இளநீர். இப்படியே ஐந்து மாதங்கள் போயின. சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் வழக்கமான முதல் அடையாளமே வலியில்லாமல் வந்து தானாக மறையும் இந்த இரத்தம்தான். மறைந்துவிடுவதாலேயே மனிதர் ஏமாந்துபோகிறார். புகையிலைப் புகையின் நச்சுப் பொருள்கள் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தால் வடிக்கப்பட்டு, சிறுநீர்ப்பையில் மணிக்கணக்காகத் தேங்கி நிற்கின்றன. இந்தப் புற்றுநோய்க்கான காரணங்களில் புகைத்தலே முதன்மையானது. சிறுநீரில் ஒரே ஒருமுறை இரத்தம் போனாலும், வலி இல்லாவிட்டாலும், போய்க் காட்டுங்கள். இளநீர் நல்லது. ஆனால் அது இதற்கு மருந்தல்ல.

ஐயாவுக்குச் செய்த சத்திரசிகிச்சையின் அடிப்படை முறையைப் பரவலாக்கியவர் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் யூஜின் பிரிக்கர், ஆண்டு 1950. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஒரு சாண் நீளமுள்ள துண்டை, அதற்குரிய இரத்தக் குழாய்களோடு பிரித்தெடுப்பார்கள். மீதிக் குடலை மறுபடியும் பொருத்திவிடுவார்கள். எனவே சாப்பாடும் மலமும் பழையபடி போகும். பிரித்தெடுத்த துண்டின் ஒரு முனையை மூடி, சிறுநீரகங்களில் இருந்து வரும் இரண்டு சிறுநீர்க்கான்களையும் அதில் இணைப்பார்கள். மறுமுனையை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து, சிறு மொட்டுப் போல மடித்துத் தைப்பார்கள். அந்த மொட்டுத்தான் ஸ்டோமா.

இதில் வீட்டுக்காரர் விளங்கிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. இந்தத் துண்டு சிறுநீரைச் சேர்த்து வைக்கும் பாத்திரம் அல்ல, வெறும் வாய்க்கால். அடக்கவும் திறக்கவும் அதற்குத் தசை இல்லாததால் இரவும் பகலும் சொட்டிக்கொண்டே இருக்கும். குடலாகப் பிறந்தது தன் குணத்தை விடாது என்பதால் சளி சுரந்துகொண்டே இருக்கும். பையில் வெள்ளை நூல் நூலாக மிதப்பது அந்தச் சளிதான், சீழ் அல்ல. மொட்டு எப்போதும் ஈரமாகவும் சிவப்பாகவும், வாயின் உட்புறத் தோலைப் போல இருக்க வேண்டும். தொட்டால் அதற்கு வலி தெரியாது. துடைக்கும்போது ஒரு சொட்டு இரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டியதில்லை.

மொட்டுக்கு வலிக்காது. சுற்றியுள்ள தோலுக்கோ ஊசி குத்தினாலும் தெரியும், சிறுநீர் பட்டாலும் தெரியும். ஐயாவின் கதை முழுவதும் அந்தத் தோலில்தான் நடந்தது.

முதல் நாள் வீட்டில்

கிளினிக்கில் பார்ப்பதை விட வீட்டில் பார்ப்பது நல்லது என்று போனேன். விறாந்தையின் மூலையில் பாய் விரித்து, அதன்மேல் பிளாஸ்ரிக் விரிப்புப் போட்டிருந்தார்கள். வீட்டுக்குள் கட்டில் இருந்தும் ஐயா மூன்று மாதங்களாக அங்கேதான் படுக்கிறார். மெத்தை பழுதாகிவிடும் என்று அவராகவே வெளியே வந்துவிட்டாராம். நான் கிட்டப் போனதும் கதிரையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அந்த ஒரு இழுப்பில் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. பழைய சிறுநீரின் கார நெடி அவரிடம் இருந்தது. அது அவருக்கும் தெரிந்திருந்தது.

அவருடைய மகள் கனடாவில் இருந்து பைகளை அனுப்புகிறார். தோலில் ஒட்டும் தகடும் சிறுநீர் சேரும் பையும் ஒன்றாய் இணைந்த வகை. ஒழுங்காக ஒட்டினால் நான்கு நாட்கள் தாங்க வேண்டியது ஐயாவுக்கு ஒன்றரை நாள் தாங்கவில்லை. பெட்டி முடிந்துவிடும் என்ற பயத்தில், ஒழுகும் விளிம்பைச் சுற்றிப் பிளாஸ்ரர் ஒட்டி, அதன்மேல் துணி கட்டி ஐந்து, ஆறு நாட்கள் கூட இழுத்திருக்கிறார்கள். வெளியே ஒழுகாமல் பிளாஸ்ரர் தடுத்தது. உள்ளே சிறுநீர் தோலின்மேல் குளம் கட்டி நின்றது.

பையைக் கழற்றச் சொன்னேன். அம்மா தோலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மேலிருந்து கீழாக மெதுவாக உரித்தார். கைப்பழக்கம் நன்றாகவே இருந்தது. மொட்டு ஆரோக்கியமான சிவப்பு. அதைச் சுற்றி ஒரு வளையம்: சாம்பலும் வெள்ளையும் கலந்த நிறத்தில், தடித்து, ஊறி, முருகைக்கல்லின் மேற்பரப்பைப் போல முண்டு முண்டாக இருந்தது. பஞ்சால் தொட்டதும் ஐயா பல்லைக் கடித்தார். இரண்டு இடங்களில் இரத்தம் கசிந்தது. முண்டுகளுக்கிடையே வெள்ளையாய் ஏதோ மின்னியது. விரலில் எடுத்து உருட்டினால் உப்புக்கல் போல நெருடியது.

அளவுகோலை எடுத்தேன். மொட்டின் குறுக்களவு 24 மில்லிமீற்றர். கழற்றிய தகட்டில் வெட்டியிருந்த துளை 40 மில்லிமீற்றர். பக்கத்துக்கு 8 மில்லிமீற்றர் தோல் மூடப்படாமல் சிறுநீரில் ஊறிக்கொண்டிருந்தது. வளையத்தின் அகலத்தை அளந்தேன். அதுவும் 8 மில்லிமீற்றர்.

"அம்மா, துளையை எந்த அளவில் வெட்டுகிறீர்கள்?"

அவர் உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்து வந்தார். அதன் நடுவில், மடங்கிவிடாமல் இருக்க, ஒரு அட்டை வைத்திருந்தார். வைத்தியசாலையில் இருந்து வெளியேறிய நாளில் மொட்டின் அளவுக்கு வட்டம் வெட்டிக் கொடுத்த அட்டை. 14 மாதங்களாக ஒவ்வொரு தகட்டிலும் அதை வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, கோடு தவறாமல் வெட்டியிருக்கிறார். "கொஞ்சமும் பிசகாமல்தான் வெட்டுகிறேன், பிள்ளை" என்றார். உண்மைதான், கொஞ்சமும் பிசகவில்லை. சத்திரசிகிச்சை முடிந்த கையோடு மொட்டு வீங்கியிருக்கும். அடுத்த ஆறு முதல் எட்டு வாரங்களில் வற்றிச் சுருங்கும். அந்தக் காலத்தில் கிழமைக்கு ஒருமுறையாவது அளந்து துளையைச் சிறிதாக்கிக்கொண்டு வர வேண்டும். மொட்டின் விளிம்புக்கும் தகட்டுக்கும் இடையே 2 அல்லது 3 மில்லிமீற்றர் இடைவெளி போதும். இந்த வசனத்தை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், இவ்வளவு கவனமான கைகள் அதைச் செய்யாமல் விட்டிருக்குமா என்று எனக்கு அன்று முழுக்க ஆற்றாமையாக இருந்தது.

துளை மட்டும் காரணமல்ல. ஐயாவை இருக்கச் சொன்னேன், பிறகு சப்பாணி கட்டி இருக்கச் சொன்னேன். படுத்திருக்கையில் சமதளமாகத் தெரிந்த வயிற்றில், இருந்தவுடன் மொட்டின் கீழ் விளிம்பை ஒட்டி ஒரு மடிப்பு விழுந்தது. மொட்டு கீழ்நோக்கிச் சாய்ந்தது. வெளியே நீட்டிக்கொண்டு நின்றதும் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் இல்லை. சிறுநீர் பைக்குள் விழாமல் நேரே மடிப்புக்குள் இறங்கியது.

எரிவுக்கு அம்மா தேங்காய் எண்ணெய் பூசியிருந்தார். எங்கள் வீடுகளில் எரிவுக்கு முதலில் கை போவது அங்கேதானே. எண்ணெய் பட்ட தோலில் எந்தத் தகடும் ஒட்டாது. குழந்தைப் பவுடர் போட்டாலும் அப்படித்தான். பைப்பெட்டியோ தகரக் கூரைச் சாய்ப்பில், பகல் முழுவதும் அனல் அடிக்கும் இடத்தில் இருந்தது. அந்த வெக்கையில் பசை இளகித் தன் பிடிப்பை இழந்துவிடும்.

தோலில் கண்ட நோய்

நாள்பட்ட ஈரத்தால் தோல் தன்னைக் காக்கத் தடித்து முண்டு முண்டாக வளரும் நிலை இது. கொழும்பில் சத்திரசிகிச்சை செய்த நிபுணருக்குப் படங்களை அனுப்பினேன், அவரும் அதையே சொன்னார். வேறு சிலவற்றையும் மனதில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. பங்கசுத் தொற்று என்றால் சிவந்த பரப்பைச் சுற்றிச் சிறு சிறு புள்ளிகள் சிதறியிருக்கும், அரிக்கும். பசைக்கு ஒவ்வாமை என்றால் தகட்டின் வடிவத்திலேயே சிவப்புப் பதியும். புற்றுநோயின் வரலாறு உள்ளவர் என்பதால் மூன்றாவது ஒன்றையும் மறக்க முடியாது. தோல் காய்ந்த பிறகும் ஒரு முண்டு மட்டும் வற்றாமல், கெட்டியாகவோ புண்ணாகவோ நின்றால் சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். ஆறு வாரம் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

உப்புக்கல் போன்றவை சிறுநீரில் இருந்து படியும் பளிங்குகள். ஐயா அதற்குத் தாமே ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தார். "எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு. கேத்திலின் அடியைப் பாருங்கள். அதுதான் இங்கேயும் படிகிறது." குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லில் இருந்து வருகிறது என்பதும் கேத்திலின் அடியில் வெள்ளை படிவதும் உண்மை. அதனால் அவர் குடிக்கும் தண்ணீரைக் குறைத்துவிட்டார். பை சீக்கிரம் நிரம்பி ஒழுகாது என்ற கணக்கும் சேர்ந்துகொண்டது. ஆனி மாத வெயிலில் ஒரு நாளைக்கு ஒரு லீற்றர் கூட அவர் குடிக்கவில்லை.

உண்மையான காரணம் வேறு. சிறுநீரில் உள்ள சில கிருமிகள் யூரியாவை உடைத்து அமோனியாவாக்கும். சிறுநீர் காரத்தன்மை அடையும். காரமான சிறுநீரில் பொசுபேற்று உப்புகள் கரைந்து நிற்க முடியாமல் பளிங்காகிப் படியும். தண்ணீர் குறையக் குறையச் சிறுநீர் தடித்து, தேங்கி, இது இன்னும் வேகமாக நடக்கும். அந்தக் கார நெடியும் அங்கிருந்துதான் வந்தது. சோதனைத் தாளில் ஐயாவின் சிறுநீர் 8 காட்டியது. 7க்கு மேல் போனாலே அது காரம்.

இங்கே இன்னொரு விடயம். சிறுநீரைப் புளிப்பாக்க வேண்டும் என்று யாரோ சொல்லக் கேட்டு, அம்மா ஒரு நாளைக்கு மூன்று தடவை தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுத்து வந்தார். நாக்குக்குப் புளித்தாலும், தேசிக்காயின் புளிப்பு உடலுக்குள் எரிந்து முடிந்ததும் சிறுநீரைக் காரமாகவே ஆக்கும். ஆசைக்கு ஒரு தம்ளர் குடிப்பதில் பிழையில்லை. மருந்தாக நினைத்துக் குடித்தால் எதிர்ப்பக்கம் இழுக்கும்.

கடந்த ஒரு வருடத்தில் ஐயா மூன்று முறை நுண்ணுயிர்கொல்லி மருந்து எடுத்திருந்தார். மூன்று முறையும் காய்ச்சல் இருக்கவில்லை. பையில் இருந்து சிறுநீரை எடுத்துச் சோதித்ததில் கிருமி வளர்ந்தது, மருந்து கொடுக்கப்பட்டது. குடலால் ஆன வாய்க்காலில் கிருமி குடியிருப்பது எதிர்பார்க்க வேண்டிய ஒன்றுதான். மணிக்கணக்காகப் பையில் நின்ற சிறுநீரில் வளராவிட்டால்தான் ஆச்சரியம். சோதனைக்கு மாதிரி எடுப்பதானால் பையைக் கழற்றி, மொட்டைச் சுத்தம் செய்து, கிருமி நீக்கிய மெல்லிய கதீட்டரைத் திறப்பினுள் மெதுவாகச் செலுத்தி எடுக்க வேண்டும். இதைப் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும். அப்படி எடுத்த மாதிரியிலும் கலப்புக் கிருமிகள் வளர்ந்தன. ஐயாவுக்குக் காய்ச்சல் இல்லை, விலாவில் நோவு இல்லை, ஓங்காளம் இல்லை. நிபுணர் மருந்து எழுதவில்லை. நான்காவது முறையும் வீணாக மருந்து போகாமல் தடுத்த அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஸ்கானில் சிறுநீரகங்கள் இரண்டிலும் அடைப்பு எதுவும் இல்லை. இரத்தத்தில் அமிலத்தைச் சமன் செய்யும் பைகாபனேற்று சற்றுக் குறைவாக இருந்தது. குடல் துண்டு சிறுநீரின் சில உப்புகளைத் திரும்ப உறிஞ்சுவதால் இரத்தம் அமிலப் பக்கம் சாயக்கூடும், களைப்பும் பசியின்மையும் அதனால் வரலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதென்று குறித்துக்கொண்டோம்.

செய்தவை

முதல் வேலை அட்டையை மாற்றியது. 28 மில்லிமீற்றர் வட்டம் ஒன்றைப் புதிதாக வெட்டி, அதில் திகதியையும் எழுதினோம். பழைய அட்டையை அம்மா கிழிக்க மனமில்லாமல் வைத்திருந்தார். நான்தான் வாங்கிக்கொண்டேன்.

தகடு மாற்றும் நேரத்தை விடியற்காலைக்கு மாற்றினோம். எழுந்தவுடன், எதுவும் குடிப்பதற்கு முன்பு, சிறுநீர் மிகக் குறைவாக வரும். பழைய வெள்ளைத் துணியைச் சுருட்டி மொட்டின் வாயில் திரிபோல வைத்தால், அது சொட்டுவதை உறிஞ்சிக்கொண்டிருக்கும் நேரத்தில் தோலைக் காயவைக்கலாம். பச்சைத் தண்ணீரில் கழுவினால் போதும், சவர்க்காரம் வேண்டாம், எண்ணெய் கூடவே கூடாது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நிறமற்ற வினாகிரியையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, துணியை நனைத்து, முண்டுகளின்மேல் 20 நிமிடம் வைத்தோம். முதல் இரண்டு தடவை எரிந்தது. மூன்றாம் தடவையில் பளிங்குகள் துணியோடு கழன்று வந்தன. பிறகு கழுவித் துடைத்து, ஈரமான இடங்களில் மட்டும் ஸ்டோமாப் பவுடர் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, மடிப்பை மெழுகு போன்ற தோற்காப்பு வளையத்தால் நிரப்பி, தகட்டை ஒட்டி, உள்ளங்கையின் சூட்டில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தார் அம்மா. ஒரு நிமிடம் என்பது நீண்ட நேரம். அந்த நிமிடம் முழுவதும் இருவரும் ஒன்றும் பேசாமல் இருப்பார்கள்.

மகளோடு தொலைபேசியில் பேசி, அடுத்த பெட்டியை நடுவில் குவிந்த தகடாக அனுப்பச் சொன்னோம். குவிந்த பகுதி சுற்றுத் தோலை அழுத்தி, பதிந்திருக்கும் மொட்டை வெளியே தள்ளும். சிறுநீர் தோலைத் தொடாமல் பைக்குள் விழும். இடுப்புப் பட்டி ஒன்றும் சேர்த்தால் பிடிப்பு நிலைக்கும். பெட்டியைச் சாய்ப்பில் இருந்து சாமி அறை அலுமாரிக்கு மாற்றினோம்.

ஒழுகும் நேரங்களைக் கொப்பியில் எழுதச் சொல்லியிருந்தேன். ஐந்தாம் நாள் பார்த்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது, முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது. எல்லா ஒழுக்கும் இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில். அவர் பாயில் அல்லவா படுக்கிறார்! இரவில் பையின் குழாயோடு 2 லீற்றர்ப் பை ஒன்றைப் பொருத்தினால் சிறுநீர் அதற்குள் வடிந்துவிடும். ஆனால் தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓடும். நிலத்தில் படுத்தவருக்குக் கீழே பள்ளம் ஏது? சின்னப் பை நிரம்பித் தகட்டை உள்ளிருந்து நெம்பியது. "மெத்தை நனையும் என்றுதான் கீழே படுத்தீர்கள், கீழே படுப்பதால்தான் நனைகிறது, ஐயா" என்றேன். முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அன்று மாலையே கட்டிலுக்குப் போனார். இரவுப் பையைக் கட்டிற் சட்டத்தில் தொங்கவிட்டு, குழாய் முறுக்காமல் காலோடு இலேசாகக் கட்டினோம். சின்னப் பையில் கொஞ்சம் சிறுநீரை விட்டுவைத்துப் பொருத்தினால் காற்று அடைத்துக்கொள்ளாது. காலையில் வினாகிரி கலந்த தண்ணீரால் இரவுப் பையை அலசுவது அம்மாவின் வேலையாயிற்று.

தண்ணீர் விடயத்தில்தான் ஐயாவோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்து, இரண்டு முதல் இரண்டரை லீற்றர். தோட்டத்துக்குப் போகும் நாளில் இன்னும் கூட. இருதய நோய் உள்ளவர்களுக்கும், சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கும் இந்த அளவு பொருந்தாது. அவர்கள் வைத்தியரைக் கேட்க வேண்டும். அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுவதைச் சொல்லித்தான் விளங்கப்படுத்தினேன். வாய்க்காலில் நிறையத் தண்ணீர் ஓடினால் பாசி பிடிக்காது. குறைந்தால் தேங்கும், மண் படியும். அவர் வாய்க்காலை என்னைவிட நன்றாக அறிந்தவர். அதன்பிறகு வாக்குவாதம் இல்லை.

14ஆம் நாள் வளையம் வெளுத்துக் காயத் தொடங்கியிருந்தது. தகடு மூன்று நாட்கள் தாங்கியது. ஒருநாள் காலை மட்டும் அம்மா பதறிக்கொண்டு அழைத்தார்: பை முழுக்கச் சிவப்பு. முதல் நாள் மதியம் என்ன சமைத்தீர்கள் என்று கேட்டேன். பீற்றூட் கறி. சில பேருக்கு அது சிறுநீரைச் சிவப்பாக்கும். எனினும் ஐயாவின் வரலாற்றுக்கு அந்த விளக்கத்தோடு விட்டுவிட முடியாது என்று சிறுநீரைச் சோதித்தோம். இரத்தம் இல்லை.

நல்லூரில் நடந்தது

ஆறாம் வாரத்தில் முண்டுகளில் முக்கால்வாசி வற்றிவிட்டன. சோதனைக்குத் துண்டு எடுக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அந்த நேரத்தில் நல்லூர்க் கந்தன் கோவில் கொடியேற்றம் நெருங்கியது. ஐயா வருடம் தவறாமல் திருவிழாவின் 25 நாளும் போனவர். போன வருடம் ஒரு நாளும் போகவில்லை. கோவிலுக்குள் ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் போக வேண்டும். பட்டிக்கு மேலே தெரியும் தகட்டின் விளிம்பை யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற கூச்சம் ஒன்று. அதைவிடப் பெரிய ஒன்றை அவர் நெடுநேரம் சுற்றிச் சுற்றிப் பேசிக் கடைசியில் கேட்டார்: "இதோடு போவது தீட்டு இல்லையா, பிள்ளை?"

நான் தாதி. அதற்குப் பதில் சொல்லும் இடம் எனக்கில்லை. ஊர்க் கோவில் குருக்களைக் கேளுங்கள் என்றேன். குருக்கள் சொன்னதாக ஐயா வந்து சொன்னார்: "எல்லோரும் அதைச் சுமந்துகொண்டுதானே வருகிறோம். உங்களுக்கு வெளியே இருக்கிறது, எங்களுக்கு உள்ளே இருக்கிறது. சுத்தமாகக் குளித்துவிட்டு வாருங்கள்."

போனார். இரண்டாம் நாளே தகடு கழன்று, பாதி வழியில் ஓட்டோ பிடித்துத் திரும்பிவிட்டார். அதற்கு முன் மூன்று வாரமாக ஒழுக்கே இருக்கவில்லை. தோல் நன்றாக இருந்தது, துளை சரியாக இருந்தது. காரணம் பிடிபடவில்லை. கடைசியில், "கோவிலுக்கு எப்படிப் போனீர்களோ அப்படியே உடுத்திக்கொண்டு வாருங்கள்" என்றேன். உள்ளே போய் வேட்டியோடு வந்தார். தோட்டத்தில் சாரம் கட்டிப் பழகியவர், வேட்டியையும் இடுப்பின் கீழே இறக்கித்தான் கட்டியிருந்தார். சுருட்டிச் செருகிய தடிப்பு மொட்டுக்கு நேரே வந்து நின்றது. அதன்மேல் பை தெரியாதிருக்கச் சால்வையை இறுக்கி முடிந்திருந்தார். முடிச்சு தகட்டின் கீழ்ப் பாதியில். பையின் கழுத்தை நெரித்தது போலச் சிறுநீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலே தேங்கியிருக்கிறது. அந்த நிலையில் வீதியில் விழுந்து கும்பிட்டும் இருக்கிறார்.

வேட்டிக்கட்டைத் தொப்புள் உயரத்துக்கு, தகட்டின் மேல் விளிம்புக்கும் மேலே, நான்கு விரல் உயர்த்தினோம். பை முழுவதும் கட்டுக்குக் கீழே தளர்வாகத் தொங்கியது. சால்வையை முடிச்சுப் போடாமல், சுற்றி இடது பக்கத்தில் செருகச் சொன்னேன். விழுந்து கும்பிடுவதற்கு முன்பு பையை வெறுமையாக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் வெறுமையாக்குவது எல்லா நாளுக்கும் நல்ல வழக்கம், நிறைந்த பையின் பாரமே தகட்டை இழுக்கும். கண்ணாடிக்கு முன்னால் நின்று முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. தேருக்கும் தீர்த்தத்துக்கும் போனார்.

கவனிக்கத் தவறியவை

மொட்டு அமையும் இடத்தைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே அடையாளம் இட வேண்டும் என்பது பாடப்புத்தக விதி. படுக்கவைத்து, நிற்கவைத்து, இருக்கவைத்து, குனியவைத்துப் பார்த்து, மடிப்பும் தழும்பும் கட்டும் இடமும் படாத, நோயாளி தன் கண்ணால் காணக்கூடிய இடத்தைத் தேர வேண்டும். ஐயாவின் நினைவில், கட்டிலில் படுத்திருந்தபோதுதான் குறி போட்டார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்தப் பட்டியலோடு இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்: சப்பாணி கட்டி இருக்கவைத்துப் பார்ப்பது, சாரத்தையோ வேட்டியையோ சேலையையோ வழக்கம்போல உடுத்தச் சொல்லிப் பார்ப்பது. காற்சட்டையின் பட்டி எங்கே வரும் என்று பார்ப்பது மட்டும் வேட்டிக்காரருக்கு உதவாது.

இந்தப் பராமரிப்பை ஒரு துறையாக வளர்த்தவர் அமெரிக்காவின் நோர்மா கில். அவரும் வயிற்றில் திறப்போடு வாழ்ந்தவரே. 1958இல் அவருடைய மருத்துவர் ரூபேட் ரேண்புல் அவரையே மற்ற நோயாளிகளுக்கு உதவும் வேலையில் அமர்த்தினார். புதிதாகச் சத்திரசிகிச்சை முடிந்து வரும் இன்னொரு குடும்பத்துக்குத் தகடு ஒட்டக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று நான் அம்மாவைக் கேட்டதற்கு அந்த வரலாறும் ஒரு காரணம்.

அலுமாரிக் கதவின் உட்புறத்தில், எப்போது தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு ஓட வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். நடுக்கத்தோடு காய்ச்சலும் விலாநோவும் வந்தால். தண்ணீர் குடித்தும் சில மணிநேரமாகப் பையில் சிறுநீர் விழாவிட்டால். மொட்டு கறுத்தால் அல்லது ஊதா நிறமானால். அழுத்திப் பிடித்தும் இரத்தம் நிற்காவிட்டால். மொட்டைச் சுற்றி வயிறு புடைத்து, நோவும் வாந்தியும் சேர்ந்தால். கடைசியாகச் சொன்னது குடலிறக்கத்தின் ஆபத்தான நிலை. ஐயாவுக்கு இருமச் சொல்லிப் பார்த்ததில் புடைப்பு இல்லை. ஆனாலும் நீர் இறைக்கும் இயந்திரத்தைத் தூக்குவது இனி மகனின் வேலை.

ஆறாம் மாதம்

கார்த்திகையில் போய்ப் பார்த்தேன். மொட்டு இப்போது 23 மில்லிமீற்றர். தோல் ஊதாத் தழும்பாக ஆறியிருக்கிறது, கீழ் விளிம்பில் மட்டும் நெல்மணி அளவில் ஒரு முண்டு மிச்சம். அது மெத்தென்றுதான் இருக்கிறது, வற்றிக்கொண்டும் வருகிறது. அடுத்த தடவையும் அப்படியே நின்றால் துண்டு எடுத்துப் பார்ப்போம். சிறுநீர்ச் சோதனைத் தாள் 6 காட்டியது. மாதத்துக்கு 20 தகடு செலவான வீட்டில் இப்போது 8 போதும். இந்த ஆறு மாதத்தில் ஒரு நுண்ணுயிர்கொல்லி வில்லையும் தேவைப்படவில்லை. பைகாபனேற்று எல்லைக்குள் இருக்கிறது. உயிர்ச்சத்து பி12 அளவையும் அடுத்த பரிசோதனையோடு சேர்த்திருக்கிறோம், அது உறிஞ்சப்படும் குடற்பகுதிக்கு அருகில் இருந்துதான் துண்டு எடுக்கப்பட்டது.

கதிரையை நான் இழுத்துப் போட்டேன். ஐயா இந்த முறை பின்வாங்கவில்லை. அம்மா பஞ்சாங்கத்தைத் திறந்து அட்டையை எடுத்து, பின்பக்கத்தில் எழுதியிருந்த திகதிகளுக்குக் கீழே அன்றைய திகதியையும் 23 என்ற எண்ணையும் எழுதினார். அடுத்த ஸ்கான் தை மாதம், பொங்கல் கழிந்த கிழமை.